ரமணி மாமாவின் வலது தோள்

ஒரு மனிதரின் வலது தோளை நான் கெடுத்திருக்கிறேன். பம்பாய் மாட்டுங்காவில், ஒரு கல்யாண மண்டபத்தில், பட்டப்பகலில், நாதஸ்வரம் முழங்க, நானூறு பேர் கண்ணெதிரே கெடுத்தேன். அத்தனை பேரும் கைதட்டினார்கள். யாரும் போலீஸில் புகார் கொடுக்கவில்லை. கொடுத்திருக்க வேண்டியவரோ என் தலையில் அட்சதை போட்டு வாழ்த்திவிட்டு (இடது கையால் போட்டார், அதையும் நான் கவனிக்கவில்லை) சாயங்காலம் டாக்ஸி பிடித்து வீட்டுக்குப் போய்விட்டார்.

அவர் என் தாய்மாமா ரமணி. அம்மாவுக்கு ஒரே அண்ணா. பாலக்காட்டுப் பக்கத்திலிருந்து வந்து, கிங்ஸ் சர்க்கிள் அருகே லிஃப்ட் இல்லாத கட்டடத்தின் மூன்றாவது மாடியில் வேரூன்றிய குடும்பம். ஃபோர்ட்டில் ஓர் இன்ஷூரன்ஸ் ஆபீஸில் முப்பத்து நாலு வருஷம் குப்பை கொட்டிவிட்டு ஓய்வு பெற்றவர். ஆள் ஒல்லி. ஆனால் தலைமுடி மட்டும் அறுபத்திரண்டு வயதிலும் அடர்த்தி. அதில் அவருக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. சட்டைப் பையில் பேனா இருக்கிறதோ இல்லையோ, சீப்பு இருக்கும். ஒரு நாளைக்கு ஆறேழு தடவை வலக்கையால் வாரி, இடக்கையால் நீவிவிட்டுக்கொள்வார். (இந்தச் சீப்பை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நான் மறக்கப் பார்த்தும் முடியவில்லை.)

நானும் அப்பாவும் செம்பூரில் இருந்தோம். எனக்குப் பதினேழு வயதில் அம்மா போய்விட்டாள். அதற்குப் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் மாமா மாட்டுங்காவில் ரயிலேறி, குர்லாவில் வண்டி மாறி, செம்பூருக்கு வருவார். கையில் மாமி கொடுத்தனுப்பிய தூக்கு இருக்கும். அதில் மிளகூட்டலோ எரிசேரியோ ஏதாவது. அப்பாவோடு உட்கார்ந்து பேப்பர் படிப்பார். என்னைப் பார்த்து, "காலேஜ் எப்படிப் போறது?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்பார். பதிலைச் சரியாகக் கேட்டுக்கொள்ளக்கூட மாட்டார். ஆனால் பத்து வருஷத்தில், மழையில் தண்டவாளம் முழுகிய நாட்களைத் தவிர, ஒரு ஞாயிறுகூட அவர் வராமல் இருந்ததில்லை.

எங்கள் வீட்டுக் கல்யாணங்களில் மாலை மாற்றல் என்று ஒரு கூத்து உண்டு. பெண்ணை அவளுடைய மாமாக்களும் பிள்ளையை அவனுடைய மாமாக்களும் தோளில் தூக்கிக்கொள்ள, இருவரும் மூன்று தடவை மாலை மாற்றிக்கொள்ள வேண்டும். ஒரு கட்சி நெருங்கினால் மறு கட்சி பின்னால் நழுவும். நடுவில் பெரியவர்கள் எல்லாம் சின்னக் குழந்தைகள் மாதிரி கூச்சல் போடுவார்கள். அம்மா இருந்த காலத்தில் நான் நாலாவது தோசைக்குத் தட்டை நீட்டினால், "போறும்டீ. அண்ணாவோட தோளைக் கொஞ்சம் நினைச்சுப் பாரு. நாளைக்கு உன்னைத் தூக்கப்போறது அவனாக்கும்" என்பாள்.

எனக்குக் கார்த்திக்கோடு கல்யாணம் நிச்சயமானபோது, மண்டபம், புடவை, சாப்பாடு எல்லாவற்றிலும் ஆயிரம் அபிப்பிராயம் சொன்னேன். ஆனால் உள்ளே ஒரே ஒரு ஆசைதான் இருந்தது. மாமா என்னைத் தூக்க வேண்டும். அம்மா பக்கத்து ஆள் என்று எனக்கு மிச்சம் இருந்தது அவர் ஒருவர்தான்.

அந்தத் தோள் முதலில் கிழிந்ததும் என் கல்யாணத்துக்காகத்தான். நிச்சயதார்த்தத்துக்கு முந்தைய ஞாயிறு மாமா ரயிலில் வந்துகொண்டிருந்தார். இடக்கையில் மைசூர்பாகுப் பெட்டி, வலக்கையில் மேலே தொங்கும் பிடி. வண்டி திடீரென்று பிரேக் போட்டது. பின்னால் நின்ற கூட்டம் மொத்தமும் அவர்மேல் சாய, உடம்பு முழுக்க அந்த ஒரு கையில் ஊசலாடியிருக்கிறது. தோளுக்குள் 'டப்' என்று ஏதோ கேட்டதாம். வீட்டுக்கு வந்தவர் வியர்த்து வழிந்துகொண்டு, பெட்டியைத்தான் முதலில் காட்டினார்.

"பாரு, ஒரு மூலைகூட நசுங்கலை!"

ஒரு மாதம் தைலம் தேய்த்துப் பார்த்தார்கள். சீப்பைத் தலைவரை கொண்டுபோக முடியவில்லை என்றதும்தான் மாமா பயந்தார். ஸ்கேன் எடுத்து, ஓர் ஆஸ்பத்திரிக்குப் போனோம். நான், மாமா, தங்கம் மாமி. டாக்டர் மராட்டிக்காரர். அவருடைய ஹிந்தி, மாமாவின் பம்பாய் ஹிந்தி, என் இங்கிலீஷ் எல்லாம் சேர்ந்து எங்களுக்குப் புரிந்தது இது. கை எலும்பின் உருண்டைத் தலையை நாலு தசைகள், சட்டையின் கைப்பட்டி மாதிரி சுற்றிக் கவ்விக்கொண்டிருக்கின்றன. கையைத் தூக்குவதும் திருப்புவதும் அவற்றின் வேலை. மாமாவுக்கு அதில் இரண்டின் நார் எலும்பிலிருந்து பிய்ந்து உள்ளே இழுத்துக்கொண்டுவிட்டது. பெரிய கிழிசல். தள்ளிப்போட்டால் நார் இன்னும் சுருங்கிவிடும். அப்புறம் இழுத்தாலும் வராது. இப்போதே சின்னத் துளைகள் போட்டு, கேமரா விட்டு, நாரை இழுத்து வந்து, எலும்பில் குட்டிக் குட்டித் திருகாணிகளைப் பதித்து, அவற்றில் கோத்த நூலால் கட்டிவிடலாம்.

மாமி கேட்டாள்: "ரவிக்கைக் கை தையல் விட்டுப்போனா மறுபடி அடிக்கற மாதிரியா? கேளுடீ."

நான் மொழிபெயர்த்தேன். டாக்டர் சிரித்துவிட்டார். அதேதான், ஆனால் ரவிக்கையைத் தைத்த அன்றே போட்டுக்கொள்ளலாம், இதை அப்படிச் செய்ய முடியாது என்றார். நூலுக்கு வேலை சும்மா பிடித்துக்கொண்டிருப்பது மட்டும்தான். நார் எலும்போடு ஒட்ட வேண்டியது உடம்பின் வேலை; அதற்கு மாதக்கணக்காகும். "வஜன் பில்குல் நஹி," என்றார், மேஜையைத் தட்டி. ஆறு மாதத்துக்கு எடை என்ற பேச்சே கூடாது. இதையும் நான்தான் மாமிக்கு மொழிபெயர்த்துச் சொன்னேன். ஆகவே, தெரியாமல் செய்துவிட்டேன் என்று சொல்ல எனக்கு வழியே இல்லை.

ஆபரேஷன் நடந்தபோது கல்யாணத்துக்கு ஏழு வாரம் இருந்தது. எங்கள் குடும்பத்துக்குத் தெரிந்த ரிப்பேர் எல்லாம் மிக்ஸி, ஃபேன், கடிகாரம். கடையில் கொடுத்தோம், வாங்கினோம், ஓடும். மாமாவும் அந்த ஞானத்தில்தான் இருந்தார். மயக்கம் தெளிந்ததும் என்னிடம், "தூக்கறதுக்கு முன்னாடியே சரி பண்ணிண்டது நல்லதாப் போச்சு" என்றார். எனக்கும் மனசு நிறைந்துவிட்டது.

அவர் கையை ஒரு ஸ்லிங்கில் போட்டுக் கட்டியிருந்தார்கள். விலாவுக்கும் கைக்கும் நடுவில் ஒரு தலையணை. இரண்டும் பளீரென்ற நீலம். மாமா அதோடு மூன்று மாடி ஏறி இறங்கும்போது, யாரோ பெற்ற பிள்ளையை இடுக்கிக்கொண்டு போகிற மாதிரி இருக்கும். வீட்டுக்கு வந்த பிஸியோதெரபிப் பெண் அவரைப் படுக்க வைத்து, கையை மெல்லத் தூக்கி இறக்குவாள். "அங்கிள், நீங்களாகத் தூக்கக் கூடாது. வேறே கைதான் தூக்கணும்" என்று ஒவ்வொரு தடவையும் சொல்லுவாள்.

கல்யாணத்துக்கு ஒரு வாரம் முன்னால் அப்பா மெதுவாக ஆரம்பித்தார்: "மாமா பக்கத்துல நின்னா போறும்மா. தூக்கறதுக்கு விக்கியும் கணேஷும் இருக்காளே." (விக்கியும் கணேஷும் சித்தப்பா பையன்கள். தோள் மட்டும் பார்த்தால் மாமா மாதிரி மூன்று பேரை அதில் உட்கார வைக்கலாம்.)

நான் அழுதேன். "அம்மா இருந்திருந்தா இப்படிச் சொல்லுவாளா?" என்றேன்.

அம்மா இல்லாத பெண்ணின் கையில் இந்த வாக்கியம் பெரிய ஆயுதம். புடவைக் கலரிலிருந்து ஐஸ்கிரீம் ஸ்டால் வரை எல்லாவற்றுக்கும் அந்த மாதம் அதைத்தான் எடுத்தேன். அப்பா ஒவ்வொரு தடவையும் வாயை மூடிக்கொண்டார். இன்று நினைத்தால், அவருக்கு அது எப்படிக் குத்தியிருக்கும் என்று வெட்கமாக இருக்கிறது. அவருக்கும்தானே அவள் இல்லை.

கடைசியில் ஒரு ராஜி ஏற்பட்டது. மாமா இடது தோளை மட்டும் கொடுப்பார். இன்னொரு பக்கம் விக்கி. பின்னாலிருந்து கணேஷ் தாங்குவான். பாரம் முழுக்கப் பையன்கள் மேல். மாமா சும்மா பெயருக்கு. வலது கை ஸ்லிங்குக்குள்ளேயே இருக்கும். எல்லோருக்கும் சம்மதம்.

முகூர்த்த நாள் காலை மாமா பட்டு வேஷ்டியோடு வந்தார். மாமி அவர் தலையைப் படிய வாரிவிட்டிருந்தாள். எல்லாம் அழகாகத்தான் இருந்தது, நடுவில் அந்த நீலத் தலையணையைத் தவிர. என் புடவை அரக்குச் சிவப்பு. போட்டோக்காரர் கேமராவைக் கண்ணில் வைத்துப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். அவர் ஒன்றும் சொல்லவில்லை. சொன்னது நான்தான்.

"மாமா, அதை அஞ்சே அஞ்சு நிமிஷம் கழட்டிடுங்கோளேன். போட்டோ எடுத்த உடனே கட்டிக்கலாம்."

"வேண்டாம்டீ," என்றாள் மாமி.

"அஞ்சு நிமிஷம்தானே?" என்றார் மாமா. அவராகவே இடக்கையால் ஸ்லிங்கின் ஒட்டுப்பட்டையை உரித்தார். அந்த 'சர்ர்' சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. கையை அங்கவஸ்திரத்துக்குள் விட்டு, வயிற்றோடு அணைத்துக்கொண்டு, "இப்ப சரியா இருக்கா?" என்று என்னைப் பார்த்துச் சிரித்தார்.

நான் அதோடு நின்றேனா? விக்கியைக் கூப்பிட்டேன். "ஒரு கையால என்னைப் பிடிச்சுக்கோ. இன்னொரு கையால மேலேர்ந்து ஒரு வீடியோ எடு. சரியா? மேலேர்ந்து எடுத்தாத்தான் ரீல் நன்னா வரும்" என்றேன். கல்யாணப் பெண் சொன்னால் அன்றைக்கு அப்பீல் ஏது?

தூக்கினார்கள். கார்த்திக்கின் மாமாக்கள் மூன்று பேர். மூவரும் காலையில் ஜிம்முக்குப் போய்விட்டுத்தான் காப்பி குடிப்பார்கள். அவனை உத்தரம் இடிக்கிற உயரத்துக்குத் தூக்கிவிட்டார்கள். முதல் மாலை போட்டாயிற்று. இரண்டாவதும் ஆயிற்று. மூன்றாவதற்கு அவர்கள் பின்னால் நழுவ, நான் விடக்கூடாது என்று மாலையை ஓங்கிக்கொண்டு முன்னால் பாய்ந்தேன். விக்கி அந்த நேரம் பார்த்தது என்னை அல்ல, போனை. அவன் தோளிலிருந்து நான் வழுக்கினேன். தரை என்னை நோக்கி வந்தது.

வந்து பிடித்தது மாமாவின் வலது கை. அங்கவஸ்திரத்திலிருந்து எப்படித்தான் வெளியே வந்ததோ, முன்னால் நீண்டு, என் இடுப்பைச் சுற்றிப் பிடித்துவிட்டது. என் எடை அப்போது அறுபத்து நாலு கிலோ. நகையையும் பட்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அத்தனையும் ஒரு நொடி அந்தக் கையில் தொங்கியது.

"பிடிச்சுட்டேன். பயப்படாதே," என்றார் மாமா என் காதருகே.

அதற்குள் கணேஷ் என்னைத் தூக்கி நிறுத்த, நான் அதே வேகத்தில் கார்த்திக்கின் கழுத்தில் மாலையைப் போட்டேன். மண்டபமே கைதட்டியது. "ஏக்தம் மஸ்த்!" என்று ஹிந்தியில் மெச்சிக் கத்தினார் போட்டோக்காரர். நான் திரும்பி மாமாவைப் பார்க்கவில்லை. கேமராவைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பந்தியில் மாமாவை சம்பந்திகள் நடுவில் உட்கார வைத்தோம். இலையில் அவருக்கு உயிரான பாலடைப் பிரதமன். மாமா இலையைத் தொடவில்லை. கை மடியில் கிடந்தது, மேலே அங்கவஸ்திரம்.

"என்ன ஓய், சாப்பிடலையா?" என்றார் கார்த்திக்கின் பெரிய மாமா.

"இன்னிக்கு விரதம். ஏகாதசி."

"ஏகாதசி நேத்திக்கே ஆயிடுத்தே!"

"நம்ம பம்பாய் வண்டி மாதிரிதான். நேக்கு ஏகாதசியும் ஒரு நாள் லேட்டாத்தான் வரும்," என்றார் மாமா. பந்தியே சிரித்தது.

எனக்கு மட்டும் கோபம் வந்தது. அவரைச் சரியாக வரவேற்கவில்லை என்று முறுக்கிக்கொண்டிருக்கிறார் போல என்று நினைத்துவிட்டேன். மாமியைத் தனியே இழுத்து, "சம்பந்தி முன்னாடி இப்படியா? ரெண்டு வாய் சாப்பிடச் சொல்லுங்கோ" என்றேன். மாமி என்னை ஒரு பார்வை பார்த்தாள். விடுவிடென்று பந்திக்குத் திரும்பிவிட்டாள். தாலி கட்டி ஒரு மணி நேரம்கூட ஆகாத பெண்ணிடம் ஒன்றும் சொல்லக் கூடாது என்று மாமா அவளிடம் சத்தியம் வாங்கியிருந்தார் என்பது எனக்கு மூன்று மாதம் கழித்துத்தான் தெரிய வந்தது.

அந்த மூன்று மாதமும் நான் அந்தேரியில் புது வீட்டில் இருந்தேன். போன் செய்யும்போதெல்லாம் மாமா நன்றாகத்தான் பேசினார். ஞாயிறு அப்பாவைப் பார்க்க வந்தாரா என்று கேட்டால், அப்பா, "ஜலதோஷமாம்" என்பார். மூன்று மாதம் நிற்காத ஜலதோஷம் உண்டா என்று யோசிக்க எனக்கு நேரமில்லை. ஆல்பம் வந்திருந்தது. அதில் அந்தப் படம் பிரமாதமாக வந்திருந்தது. நான் மாலையோடு அந்தரத்தில், பூ இதழ்கள் பறக்க. கீழே மாமா வாயைத் திறந்து, கண்ணை இடுக்கி, அப்படி ஒரு சிரிப்பு. அதைப் பெரிதாக்கி, ஃபிரேம் போட்டு, சொல்லாமல் கொள்ளாமல் மாட்டுங்கா போனேன்.

கதவு திறந்தே இருந்தது. மாமா நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மாமி பின்னால் நின்று அவர் தலையை வாரிக்கொண்டிருந்தாள்.

நான் ஒன்றும் புரியாமல் படத்தை நீட்டினேன். "மாமா, பாருங்கோ, நீங்க சிரிக்கறதை!"

மாமா இடக்கையை மட்டும் நீட்டினார். வலக்கை தொடையில் கிடந்தது, யாரோ அங்கே வைத்துவிட்டுப் போன பொருள் மாதிரி.

மாமி படத்தைப் பார்த்தாள். "அது சிரிப்பில்லைடீ," என்றாள்.

அப்புறம் எல்லாம் வந்தது. கல்யாணத்துக்கு மறுநாளே ஸ்கேன் எடுத்திருக்கிறார்கள். டாக்டர் திட்டவில்லையாம், தலையில் கை வைத்துக்கொண்டாராம். அவர் கட்டிய நூல் ஒன்றுகூட அறுந்துபோகவில்லை. முடிச்சு எல்லாம் போட்டது போட்டபடி. நூல் இருந்தது, துணிதான் கிழிந்துவிட்டது. பாதி ஒட்டியிருந்த நார், தையலிலிருந்து கிழித்துக்கொண்டு உள்ளே போய்விட்டது. மறுபடி இழுத்துக் கட்டப் போதுமான நார் இல்லை, தசையும் கொழுப்பாக மாறிக்கொண்டிருக்கிறது என்றார்களாம். வேண்டுமானால் தோள் மூட்டையே மாற்றலாம். "ஒரு தடவை ரிப்பேருக்குக் கொடுத்தது போறும்" என்று மாமா மறுத்துவிட்டார்.

மாமி சீப்பைக் கீழே வைத்தாள். "நோக்குப் போட்டோ நன்னா வந்துதோல்லியோ? அது போறும்."

அவள் சொன்னதில் ஒரு எழுத்துகூடத் தப்பில்லை. நான் தரையில் உட்கார்ந்து, மாமாவின் முழங்காலில் தலையை வைத்து அழுதேன். கல்யாணத்துக்கு முன்னால் அழுததெல்லாம் காரியம் சாதிக்க. இது அப்படி இல்லை.

"ஏன் மாமா பிடிச்சேள்? விழுந்திருந்தா என்ன? நாலு நாள் இடுப்பு வலிச்சிருக்கும்."

"நான் எங்கடீ பிடிச்சேன்? முப்பத்து நாலு வருஷம் ரயில்ல பிடிச்ச கை. ஆடினா தானாப் போய்ப் பிடிச்சுக்கும்." இடக்கையால் என் தலையை நீவிவிட்டார். பிறகு, "உன்னைக் கீழ போட்டுட்டு, உங்கம்மாகிட்ட நான் என்னன்னு சொல்லுவேன்?" என்றார்.

பத்து வருஷத்தில் அம்மாவைப் பற்றி அவர் என்னிடம் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

ஐந்து வருஷம் ஆகிவிட்டது. மாமாவின் கை இப்போது நெஞ்சுக்கு மேலே தானாக எழும்பாது. வலி பெரிதாக இல்லை. சட்டை போட, தலை வார மாமி வேண்டும். இடக்கையால் ஸ்பூன் பிடித்துச் சாப்பிடுகிறார். முதலில் கூச்சப்பட்டார், இப்போது இல்லை. படத்தை நான் எவ்வளவு கெஞ்சியும் கழற்ற விடவில்லை. ஹாலில் மாட்டியிருக்கிறார். வருகிறவர்கள், "ஆஹா, மாமாவுக்கு என்ன சிரிப்பு!" என்பார்கள். "பின்னே, மருமாள் கல்யாணமாச்சே" என்று அவரும் சொல்வார். மாமி அந்த நேரம் சமையலறைக்குப் போய்விடுவாள். என்னிடம் அவள் பழைய மாதிரிதான் பேசுகிறாள். கிட்டத்தட்ட.

இப்போதும் ஞாயிறுதோறும் வருகை உண்டு, திசைதான் மாறிவிட்டது. நாங்கள் மாட்டுங்கா போகிறோம். என் மகள் அம்முவுக்கு மூன்று வயது. அவளை மாமா தூக்கியதே இல்லை. உட்கார்ந்துகொண்டு மடியில் விடச் சொல்வார். கிளம்பும்போது நானும் கார்த்திக்கும் நமஸ்காரம் செய்வோம். மாமா இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்து, அதை மெல்லத் தூக்கிக்கொண்டுவந்து, எங்கள் தலைமேல் வைப்பார். இடது கையால் ஆசீர்வாதம் பண்ணக் கூடாதாம். 'வேறே கைதான் தூக்கணும்' என்று அந்தப் பிஸியோதெரபிப் பெண் சொன்னதை அவர் இப்படிக் கடைப்பிடிக்கிறார். "எல்லாரும் ஒரு கையாலதான் ஆசீர்வாதம் பண்ணுவா. இங்கே ரெண்டு கை!" என்று அவரே சொல்லிச் சிரிப்பார்.

போன மாதம் அப்பாவின் பிறந்தநாளுக்கு எல்லோரும் செம்பூரில் கூடினோம். கணேஷ் விளையாட்டாக அம்முவின் காலில் விழுந்து, "ஆசீர்வாதம் பண்ணுங்கோ பெரியவாளே" என்றான். அம்மு கொஞ்சமும் யோசிக்கவில்லை. இடது கையால் தன் வலது மணிக்கட்டைப் பிடித்தாள். கனமான சாமானைத் தூக்குகிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு, மெல்ல மெல்ல உயர்த்தி, அவன் தலையில் வைத்தாள். உலகத்தில் எல்லோரும் அப்படித்தான் ஆசீர்வாதம் செய்வார்கள் என்று அவளுக்கு நினைப்பு.

வீடே விழுந்து விழுந்து சிரித்தது. அன்றிலிருந்து யார் வந்தாலும் அவளை அதைச் செய்யச் சொல்கிறார்கள். மாமி அன்று, என் கல்யாணத்துக்குப் பிறகு முதல்தடவையாக, கண்ணைத் துடைத்துக்கொண்டே, வாய்விட்டுச் சிரித்தாள். எல்லோரையும்விடப் பெரிதாகச் சிரித்தது மாமாதான். வாயைத் திறந்து, கண்ணை இடுக்கி, தலையைப் பின்னால் சாய்த்து. அது சிரிப்புதானா என்று நான் கிட்டே போய்ப் பார்த்துக்கொண்டேன்.